ஆஸ்பத்திரி வாசலும் அதன் காவலும்

அறுவைச் சிகிச்சை செய்யும் ஒரு டாக்டரின் கை தேர்ந்த கையா, தேராத கையா என்று சொல்லத்தக்கவர் யார்? நோயாளியால் சொல்ல இயலாது. அவர் மயக்க மருந்தின் வயப்பட்டுக் கிடக்கிறார். நோயாளியின் உறவினராலும் இயலாது. அவர் மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறார். அதே தொழிலில் பழகிய மற்றொரு டாக்டரால்தான் இயலும். ஆனால் அந்த மற்றொரு டாக்டர் அதே ஊரில், அதே ஜனங்களை நம்பித் தொழில் நடத்துபவராயிருப்பாராயின், புதியவர் உள்ளே வருவதனால் வருமானம் குறையப் பெறுபவரும் அவரேயாவார். அறிந்தவன் போட்டியாளன், போட்டியில்லாதவனோ அறியாதவன். இவ்விருவரில் எவனைக் கொண்டு நியாயம் தீர்ப்பது? இவ்வொரு கேள்வியைக் குறித்து எனக்குத் தோன்றிய சில எண்ணங்களை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்று பலமுறை அலசப்பட்ட இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. ஆதலின் அந்நாட்டு நிகழ்ச்சிகளையே எடுத்துக் கொள்வேன். அங்குள்ள ஏற்பாடு நம்மில் பலருக்குப் புதிதாயிருக்கும். நம் நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பளத்துக்கு அமர்ந்தவர். அவரை வைப்பதும் மாற்றுவதும் சர்க்காரின் காரியம். அமெரிக்காவிலோ, நெடுங்காலமாகப் பெரும்பாலான டாக்டர்கள் தமக்கெனத் தனி வைத்திய அறை வைத்துத் தொழில் நடத்தி வந்தனர். நோயாளியைப் படுக்கவைத்துச் சிகிச்சை செய்ய நேர்ந்தால், அவரை ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தாமே அங்கு சென்று கவனிப்பர். கட்டிலும் கருவியும் தாதியரும் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவை. கையும் அறிவும் டாக்டரைச் சேர்ந்தவை. அங்ஙனம் உள்ளே நுழைந்து சிகிச்சை செய்ய ஆஸ்பத்திரி அளிக்கும் அனுமதியையே சிகிச்சை உரிமை என்கிறேன். இக்காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே சம்பளம் பெறும் டாக்டர்கள் அங்கு மிகுந்துவிட்டனர். அவர்களுக்கும் இவ்வுரிமை தனியே வழங்கப்பட்டாக வேண்டும். உரிமை பெறாத டாக்டரிடம் பட்டம் இருக்கலாம். தொழில் நடத்த லைசென்சும் இருக்கலாம். ஆயினும், பத்து வருடம் அவரிடமே மருந்து உண்டு வந்த நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த கணமே, அவர் அந்நோயாளிக்கு அந்நியராகி விடுகிறார். இதை மறவாதிருக்க வேண்டுகிறேன். வாசலில் தடுக்கப்படுபவர் டாக்டர் ஒருவர் மட்டுமல்லர்.

"லைசென்சு பெற்ற எவரும் உள்ளே வரட்டுமே, வாசலில் காவல் எதற்கு?" என்று நண்பரொருவர் என்னைக் கேட்டார். அவர் மூடிய கதவுகளைக் கண்டாலே சினங்கொள்பவர். அச்சினம் நல்ல சினமே. எனினும் இவ்விஷயத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. லைசென்சு ஒருவரை டாக்டர் என்று சொல்லுமேயன்றி, அவர் மார்பைத் திறந்து இருதயத்தைத் தொடத் தக்கவர் என்று சொல்லாது. காவலில்லாத காலமும் அந்நாட்டில் இருந்ததுண்டு. அறுவை மருத்துவர்கள் 1913-ஆம் ஆண்டு ஒரு சங்கம் கண்டனர். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்பது அதன் பெயர். ஓர் ஆஸ்பத்திரி குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டுமென்று அச்சங்கம் ஒரே பக்கத்தில் அடங்கும் விதிகளை வகுத்தது. டாக்டர்கள் ஓர் அமைப்பாகக் கூடியிருத்தல் வேண்டும். முறையாகப் படித்துத் தேர்ந்த, நன்னடத்தையுள்ளவர்களுக்கே அதில் இடம். நோயாளியை அனுப்பி வைத்தவரோடு கூலியைப் பங்கிட்டுக் கொள்ளலாகாது. மாதமொருமுறையேனும் கூடித் தம் சிகிச்சைகளின் பலனைத் தாமே ஆராய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு எழுத வேண்டும். இவை போன்ற விதிகளே. கேட்டால் யாரும் இது பெரிய காரியமா என்பர். நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரிகளைப் பரிசீலித்தபோது, இவ்வெளிய விதிகளுக்குத் தேறியவை 89 மட்டுமே!

அந்த முடிவை 1919-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடியபோது வெளியிட்டனர். எண்ணிக்கையை மட்டுமே வெளியிட்டனர். எந்தெந்த ஆஸ்பத்திரி என்ற பட்டியல் பத்திரிகைக்காரர் கையில் அகப்பட்டுவிடலாகாதென்று, ஹோட்டலின் அடித்தளத்திலிருந்த உலையில் அதைப் போட்டு எரித்துவிட்டனர். தேறாதவற்றுள் நாடறிந்த ஆஸ்பத்திரிகளும் இருந்தன. அவர்களுடைய நிலைமையை நான் உணர்கிறேன். பட்டியல் வெளிவந்திருந்தால் சீர்திருத்த வேலையே முறிந்திருக்கலாம். ஆயினும், அன்றிரவு தேறாத ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தாயை நினைக்கும்போது, அவ்வுலையின் நெருப்பு எனக்கு இன்னும் சுடுகிறது.

காவல் சரிவர இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு மற்றொரு செய்தி. 1960-ஆம் ஆண்டு நவம்பரில், இல்லினாய்ஸ் மாநிலத்துச் சார்ல்ஸ்டன் என்னும் சிற்றூரில், டார்லிங் என்ற 18 வயது மாணவன் கால்பந்து ஆட்டத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டான். அன்று முறையிலிருந்தவர் ஒரு பொது வைத்தியர். எலும்பு முறிவில் தனித்தேர்ச்சி பெற்றவரல்லர். மாவுக்கட்டுப் போட்டார். விரல்கள் வீங்கின, கறுத்தன, உணர்விழந்தன. நாட்கள் சென்றன. தேர்ந்தவரைக் கலந்து பேசும்படி ஆஸ்பத்திரியில் எவரும் அவரை வற்புறுத்தவில்லை. முடிவில் முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் செய்த பிழை டாக்டரோடு போகும், கட்டிடத்துக்கு அதில் பங்கில்லை என்பது ஆஸ்பத்திரியின் வாதம். 1965-ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உள்ளே விட்டவன், உள்ளே நடப்பதையும் பார்க்கக் கடமைப்பட்டவன் என்பது அத்தீர்ப்பின் பொருள்.

நிற்க. காவல் வேண்டும் என்பதில் இனி ஐயமில்லை. அந்தக் காவல் எதைப் பார்க்கிறது என்பதிலேதான் நீதியும் அநீதியும் பிரிகின்றன.

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்னும் நகரம். அங்கே மோசஸ் கோன், வெஸ்லி லாங் என இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. கறுப்பின மக்களுக்கென எல். ரிச்சர்ட்ஸன் என்ற சிறிய ஆஸ்பத்திரி ஒன்று தனியே இருந்தது. ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் வைத்தியரிடம் ஒரு நோயாளி வந்தார். பல்லில் சீழ் கோத்து, தாடை வீங்கி, ஜுரம் அடித்தது. சிறிய ஆஸ்பத்திரியில் இடமில்லை. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றனர். பெரிய ஆஸ்பத்திரிகள் இரண்டிலும் கட்டில்கள் காலியாக இருந்தன. ஆனால் சேர்க்க மறுத்தன. வெஸ்லி லாங் கறுப்பரை அறவே சேர்க்கவில்லை. மோசஸ் கோன் சிலரை நிபந்தனையோடு சேர்த்துக் கொண்டது. ஆயினும் கறுப்பின டாக்டர் எவரையும் தன் சுவருக்குள் தொழில் செய்ய விடவில்லை. ஆகவே, அங்கே இடம் கிடைத்த கறுப்பரும் தம்முடைய டாக்டரை வாசலில் விட்டுவிட்டே உள்ளே போக வேண்டியிருந்தது.

இவ்விரண்டும் தனியார் தரும ஸ்தாபனங்களே. ஆனால் 1946-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ்ச் சர்க்கார் அவற்றின் கட்டிட வேலைக்குப் பணம் அளித்திருந்தது. மோசஸ் கோனுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல், வெஸ்லி லாங்குக்கு 19 லட்சம் டாலருக்கு மேல். "தனித்தனியாயினும் சமமாக" வசதியிருந்தால் போதுமென்று அச்சட்டமே ஒரு வாசகம் வைத்திருந்தது. வரி செலுத்தியவருள் கறுப்பரும் உண்டு. கட்டிய சுவர் அவர்களையே தடுத்தது. 1962-ஆம் ஆண்டு சிம்கின்ஸும் மற்ற டாக்டர்களும் பல் வைத்தியர்களும் நோயாளிகளும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1963 நவம்பரில் மேல் நீதிமன்றம், மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 1964 மார்ச்சில் அதில் தலையிட மறுத்ததால் தீர்ப்பு நிலைத்தது.

நிறத்தை வெளிப்படையாகச் சொல்லித் தடுக்கும் விதியை எதிர்ப்பது ஒருவாறு எளிது. அதனினும் நுட்பமான விதி ஒன்று அந்நாட்டில் வழங்கிற்று. "மாவட்ட வைத்திய சங்கத்தில் உறுப்பினராயிருப்பவருக்கே இங்கு உரிமை" என்று பல ஆஸ்பத்திரிகள் எழுதி வைத்தன. அவ்வரியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் தென் மாநிலங்களில் மாவட்டச் சங்கங்கள் பல கறுப்பரைச் சேர்ப்பதில்லை. ஆஸ்பத்திரியைக் கேட்டால், "எங்களுக்கு வேற்றுமையில்லை, சங்கத்தைக் கேளுங்கள்" என்று கைகாட்டும். சங்கத்தைக் கேட்டால், "நாங்கள் தனியார் கழகம்; யாரைச் சேர்ப்பதென்பது எங்கள் இஷ்டம்" என்று சொல்லும். ஒருவரும் பாவம் செய்யவில்லை. பாவம் மட்டும் நடந்துகொண்டேயிருந்தது. கறுப்பின டாக்டர்கள் 1895-ஆம் ஆண்டிலேயே தமக்கென நாடளாவிய சங்கம் ஒன்றை அமைத்துக் கொள்ள நேர்ந்தது இதனாலேதான். அமெரிக்க மருத்துவ சங்கம் தன் பழைய நடத்தைக்காக மன்னிப்புக் கேட்டது 2008-ஆம் ஆண்டில்! காப்பிக் கடையில் தனிக் குவளை வைத்த வழக்கத்தைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் கைகாட்டும் வித்தை புதிதன்று. கடைக்காரர் வாடிக்கைக்காரரைக் காட்டுவார். வாடிக்கைக்காரர் ஊர் வழக்கத்தைக் காட்டுவார்.

அதே விதி வேறொருவரையும் தடுத்தது. நியூ ஜெர்ஸி மாநிலத்து வைன்லண்ட் பகுதியில் இருந்த ஆஸ்பத்திரி ஒன்றே. நியூகோம் என்பது அதன் பெயர். கிரைஸ்மன் என்ற டாக்டர் ஆஸ்டியோபதி முறைக் கல்லூரியில் படித்தவர். மருத்துவமும் அறுவையும் செய்ய அம்மாநிலம் அவருக்கு முழு லைசென்சு கொடுத்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியின் விதியோ, மருத்துவ சங்கம் ஒப்பிய கல்லூரியில் படித்தவராயும் மாவட்டச் சங்கத்து உறுப்பினராயும் இருக்க வேண்டும் என்றது. ஆதலால் அவருடைய விண்ணப்பத்தை ஆராயவே அவர்கள் ஒப்பவில்லை. 1963-ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ஆஸ்பத்திரி தனியாருடையதாயினும், ஊருக்கு அது ஒன்றே ஆதலால், வாசலைத் திறக்கவும் மூடவும் அதற்குள்ள அதிகாரம் ஜனங்களின் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட அதிகாரமாகும், அதை நியாயமாகவும் பொது நன்மைக்காகவும் பிரயோகிக்க வேண்டும்.

நீதிமன்றம் இட்ட கட்டளையைக் கவனியுங்கள். அவருக்கு உரிமை கொடுங்கள் என்று அது சொல்லவில்லை. அவருடைய விண்ணப்பத்தை ஆராயுங்கள் என்றே சொல்லிற்று. இதை முதன்முதல் படித்தபோது, இவ்வளவு போராடி இவ்வளவு சிறிய பரிசா என்று எனக்கு ஏமாற்றமாயிருந்தது. பிறகுதான் என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி வேலை காலியாயிற்று. நான் மனுச் செய்தேன். அங்கே ஏற்கெனவே வேலையிலிருப்பவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் இல்லாமையால் மனுவைப் பரிசீலிப்பதற்கில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சிபாரிசு செய்யத்தக்கவர்களோ, அதே வேலையை எதிர்பார்த்துக் கொண்டிருந்தவர்கள். நான் அவ்வேலைக்குத் தகுதியற்றவனாகவே இருந்திருக்கலாம். கணக்கில் என்னைவிடத் தேர்ந்தவர் பலர். என் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, இங்கே பிழை, அங்கே பிழை என்று காட்டி மறுத்திருந்தால், இரண்டு நாள் வருந்திவிட்டு அப்பிழைகளைத் திருத்தப் புகுந்திருப்பேன். பாராமலே மறுத்ததற்கு என்ன மருந்து? ஆராய்ந்து மறுப்பது ஒன்று. ஆராய மறுப்பது வேறொன்று. முன்னதில் தவறு நேரலாம். பின்னது அதுவே தவறு. முன்னதில் மறுக்கப்படுவது ஒருவன் கேட்ட பொருள். பின்னதில் மறுக்கப்படுபவன் அவனே.

இனி, ஆராய்வதாகப் பெயர் பண்ணிக் கொண்டு அழிப்பதும் உண்டு. ஓரிகன் மாநிலத்து ஆஸ்டோரியா ஊரிலும் ஆஸ்பத்திரி ஒன்றே. அதில் உரிமை பெற்ற டாக்டர்களுள் பெரும்பாலோர் ஒரே கூட்டு வைத்தியசாலையைச் சேர்ந்தவர்கள். பாட்ரிக் என்ற அறுவை மருத்துவர் அங்கே வேலை பார்த்தவர். 1973-ஆம் ஆண்டு பங்காளியாகச் சேர அழைத்தபோது மறுத்துவிட்டுத் தனியே தொழில் தொடங்கினார். அன்று முதல் பகை. 1981-ஆம் ஆண்டில், அவருடைய சிகிச்சைகள் தரக்குறைவானவையென்று கூட்டுச்சாலை டாக்டர் ஒருவரின் தூண்டுதலால் ஆஸ்பத்திரியில் விசாரணை ஏற்பட்டது. பாட்ரிக் காத்திராமல் தாமே விலகி, வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் அவருக்கு விதித்த நஷ்ட ஈடு, போட்டியைக் கெடுப்பதற்கெதிரான சட்டப்படி மும்மடங்காகி, 19 லட்சத்து 50 ஆயிரம் டாலராயிற்று. இடையில் மேல் நீதிமன்றமொன்று அதைத் தள்ளிவிட்டது; எனினும் கெட்ட எண்ணத்தோடு அவ்விசாரணை நடந்ததற்குச் சான்றுண்டு என்று அதுவும் ஒப்பிற்று. 1988-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பாட்ரிக்கின் பக்கமே நின்றது. இவ்வூரில் வாசலும் இருந்தது, விதியும் இருந்தது, ஏடு புரட்டலும் இருந்தது. புரட்டிய கைதான் சுத்தமானதாயில்லை.

இங்கே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். அறிந்தவன் போட்டியாளன் என்றால் செய்வதென்ன? அறிந்தவனாயும் அவ்வூரின் வருமானத்தில் பங்கற்றவனாயும் உள்ள ஒருவனைத் தேட வேண்டியதே. 1986-ஆம் ஆண்டு அமெரிக்கர் இயற்றிய சட்டமொன்று இவ்வழியிற் சிறிது தூரம் செல்கிறது. ஒரு டாக்டரின் உரிமையைப் பறிக்குமுன் காரணத்தை அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்கும் நடுவர், தொழிலில் அவருக்கு நேர்ப் போட்டியாயிருப்பவராக இருத்தல் கூடாது. அப்படிச் செய்த ஆஸ்பத்திரிக்கு நஷ்ட ஈட்டு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி நியாயமாகவே நடந்தது என்று அச்சட்டம் முதலிலேயே எண்ணிக் கொள்கிறது. இல்லையென்று மெய்ப்பிக்கும் பாரம் டாக்டர் தலையில் விழுகிறது. இது தராசின் ஒரு தட்டில் முன்னதாகவே ஒரு கல்லை வைப்பதாகும் என்பது என் அபிப்பிராயம். பயந்த சக டாக்டர்கள் உண்மை பேச அது துணை செய்யும் என்பர். பேசத்தான் செய்யும், பொய்யும் அதே துணையோடு பேசும்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்நாட்டு மத்திய சர்க்கார் விதி நல்ல விடை தருகிறது. முதியோர்க்கான சர்க்கார் காப்புறுதிப் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள், டாக்டரின் நடத்தை, திறமை, பயிற்சி, அனுபவம், நிதானம் ஆகியவற்றைப் பார்த்தே உரிமை வழங்க வேண்டும். ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்பதையோ ஒரு சபையின் சான்றிதழையோ மட்டும் அளவுகோலாக வைக்கலாகாது என்கிறது அவ்விதி. மேலும், உரிமை இன்று மொத்தமாக வழங்கப்படுவதில்லை. இன்ன இன்ன சிகிச்சை செய்யலாம் என்று தனித்தனியே எழுதப்படுகிறது. இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை திரும்பவும் பரிசீலிக்கப்படுகிறது. புதிதாக வந்தவரின் முதற்சில சிகிச்சைகளை மூத்தவரொருவர் கவனிப்பதும் உண்டு.

இம்முறை என் மனத்துக்கு மிகப் பிடித்தது. என் தந்தையார் பால் மரம் வெட்டிய காலத்தில், புதிதாக வந்தவருக்கு நிரை கொடுத்தால், சில நாள் சென்றபின் மண்டோர் போய் மரத்தைத் தடவிப் பார்ப்பாராம். பட்டையில் காயம் பட்டிருக்கிறதா, வெட்டு ஆழமாய் மரத்தைத் தொட்டுவிட்டதா என்று மரமே சொல்லிவிடும். வந்தவர் எந்த ஊர், யாருக்கு உறவு என்பதைப் பட்டை அறியாது. டாக்டரின் வேலைக்கும் அத்தகைய பட்டை உண்டு. நோயாளியின் பதிவேடே அது. எத்தனை பேர் குணமாயினர், எத்தனை பேருக்குப் புண் சீழ் கொண்டது, எத்தனை பேர் மறுபடியும் கத்திக்கு ஆளாயினர் என்பவற்றை அது சொல்லும். ஆனால் கடும் நோயாளிகளையே ஏற்கும் டாக்டருக்கு மரணக் கணக்கு மிகும். எளிய நோயாளிகளையே பொறுக்கி எடுப்பவருக்குக் கணக்கு அழகாயிருக்கும். முற்றிய மரத்தையும் இளமரத்தையும் மண்டோர் ஒன்றாய் மதிப்பதில்லை. ஆகையால் ஏட்டைப் புரட்டுவதற்கும் தொழிலறிந்த கண்ணே தேவைப்படுகிறது. அக்கண் வெளியூரிலிருந்து வருவது நலம். சிற்றூர் ஆஸ்பத்திரிகள் இதற்குச் செலவாகும் என்று முணுமுணுக்கக் கூடும். சார்ல்ஸ்டன் ஊர் மாணவனின் காலுக்கும் ஒரு விலை இருந்தது.

கிரீன்ஸ்பரோ வழக்கில் சேர்ந்து நின்றவர்களுள் ஆல்வின் பிளவுண்ட் என்பவர் ஒருவர். அவர் கொரியப் போரில் போர்முனைப் படை ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராய் வேலை செய்தவர். குண்டடிபட்டுத் தூக்கிவரப்பட்டவர்களைத் தைத்து மூடிய அந்தக் கைக்குத் தான் தொழில் நடத்திய ஊர் ஆஸ்பத்திரியில் இடமில்லாதிருந்தது. வழக்கு வென்றபின் மோசஸ் கோனில் முதன்முதலாக அறுவைச் சிகிச்சை செய்த கறுப்பின டாக்டர் அவரே. 2016-ஆம் ஆண்டில், வழக்காடியவர்களுள் அவரொருவரே உயிரோடிருந்தபோது, அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகம் அவரை வரவழைத்துப் பலரறிய மன்னிப்புக் கோரிற்று. மறு வருடம் ஜனவரியில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 94.